அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே ஒரு டியூ

அடுத்தவர் வண்டிக்குத் தேதி குறிப்பது சுலபம். ஊபர் நிறுவனம் 2020 செப்டம்பரில் அப்படி இரண்டு தேதிகளைக் குறித்தது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் 2030, மற்ற நாடுகளில் 2040. அதற்குள் தன் செயலி வழியாகப் போகும் சவாரிகள் புகையில்லாதவை ஆகிவிடும் என்றது. ஓட்டுநர்கள் தன் ஊழியர்கள் அல்ல என்று ஊர் ஊராக வழக்காடிவரும் நிறுவனம் அது. அந்த ஓட்டுநர்கள் தங்கள் கைக்காசில் எப்போது புதுவண்டி வாங்குவார்கள் என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருக்கிறது. கலிபோர்னியா அரசு 2018-இல் சட்டம் போட்டு, 2021-இல் விதியும் வகுத்தது: 2030-இல் இத்தகைய சவாரிகள் ஓடும் தூரத்தில் 90 சதவீதம் மின்சாரத்தில் இருக்க வேண்டும். குறைந்த வருமானமுள்ள ஓட்டுநர்கள் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதவாவது தோன்றியதே என்று நினைத்துக்கொள்ளலாம்.

செஞ்சிக்கு இந்தத் தேதிகள் இன்னும் வந்து சேரவில்லை. ரயிலும்தான் வரவில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ் நின்று போகிற பேரூராட்சி இது. 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்பு’ என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். ஊருக்குப் பெருமை. ஆனால் பட்டியலைப் படித்துவிட்டு வருகிறவர்கள் சொந்தக் காரில் வந்து கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் இறங்கிக்கொள்கிறார்கள். ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோவுக்கு யுனெஸ்கோ சவாரி தரவில்லை.

அதற்குச் சவாரி தருவது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமைச் சந்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, நிலா. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் திரளும். பௌர்ணமியில் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும். செஞ்சி இரண்டுக்கும் வழியில் இருக்கிறது. பஸ்ஸில் தொங்க முடியாத கிழவியும் கைக்குழந்தைக்காரியும் அன்று ஆட்டோவைத் தேடுவார்கள். மற்ற நாட்களில் வண்டி ஓடுவதைவிட நிற்பதே அதிகம்.

ஒருமுறை பஸ் நிலையத்தருகே ஓர் ஓட்டுநரிடம் மின்சார ஆட்டோ பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பின்சீட்டைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. தாள், ஓரம் நைந்த ஒரு டியூ அட்டை. அட்டையில் எல்லாக் கட்டத்திலும் முத்திரை விழுந்திருந்தது. “இது முடிஞ்சு போச்சு சார். இனிமே வர்றது வூட்டுக்கு. மறுபடியும் முதல் கட்டத்துலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றீங்களா?” என்றார். பிறகு, கேட்டவன் மனம் நோகக் கூடாதென்றோ என்னவோ, “நல்ல வண்டிதான், சத்தமே இல்ல. ஆனா வண்டி நிக்கும் சார், டியூ நிக்குமா?” என்றார்.

அந்தக் கேள்விக்குள் கணக்கு முழுவதும் இருக்கிறது. பெட்ரோல் ஆட்டோ லிட்டருக்கு 25 கிலோமீட்டர் போகிறது, பெட்ரோல் விலை நூறு ரூபாய்ச் சொச்சம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடும் சென்னை வண்டி மின்சாரத்துக்கு மாறினால் தினமும் 400 ரூபாய் அளவுக்கு மிச்சம். மாதத்தில் 26 நாள் ஓடினால் பத்தாயிரத்தைத் தாண்டும். தவணையைக் கிட்டத்தட்ட அதுவே கட்டிவிடும். 40 கிலோமீட்டர் ஓடும் செஞ்சி வண்டிக்கு மிச்சம் நாளைக்கு 135 ரூபாய், மாதத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு. தவணை மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றே. அதிகம் ஓடுகிறவனுக்கே மின்சாரம் லாபம். குறைவாக ஓடி, குறைவாகப் புகைவிட்டு, மரத்தடியில் காத்திருப்பவன் மாறினால் நஷ்டப்படுவான். ஊரின் காற்றை அதிகம் கெடுக்காததற்கு அவனுக்குக் கிடைக்கும் பரிசு அது.

வீட்டில் சார்ஜ் போடலாமே என்பார்கள். போடலாம். அந்த 40 கிலோமீட்டருக்கே இரண்டு மாதத்தில் இருநூறு யூனிட் அளவுக்கு ஏறும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை. முதல் நூறு யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, இரண்டாவது நூறு யூனிட்டுக்கும் கட்டணம் ஏறிவிடும். மின்விசிறியும் டிவியும் ஃப்ரிட்ஜும் ஓடுகிற வீட்டில் ஆட்டோவும் வந்து உட்கார்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. மாதக் கணக்கெடுப்பு வந்தால் இந்தச் சிக்கல் தளரும். தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் அந்த வாக்குறுதி பத்திரமாக இருக்கிறது.

உதவியே இல்லை என்று சொல்ல முடியாது. மின்சார வாடகை வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. 2023-இல் வந்த தமிழ்நாட்டுக் கொள்கை சாலை வரியை விலக்கியது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை என்று ஆறு நகரங்களை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பயணிகள் ஆட்டோவுக்கு முதல் ஆண்டில் அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் இருந்தது, அடுத்த ஆண்டில் அதில் பாதி. மானியத்தைத் தயாரிப்பாளர் விலையில் கழித்துக் கொடுத்துவிட்டு அரசிடம் வாங்கிக்கொண்டார்.

இந்த ஐம்பதாயிரம் எங்கே போனது என்று பாருங்கள். மூன்று லட்சம் ரூபாய்க் கடன், மூன்று ஆண்டு. பத்து சதவீத வட்டிக்குக் கிடைத்தால் மொத்த வட்டி ஏறத்தாழ 48,500. இருபது சதவீதமானால் 1,01,000. வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கு மேல். சம்பளச் சான்று உள்ளவனுக்கு முதல் வட்டி. பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும், பழைய வண்டி என்ன விலைக்குப் போகும் என்று யாருக்கும் உறுதியில்லாத ஆட்டோவை ஓட்டுகிறவனுக்கு இரண்டாவது. அரசு ஒரு கையில் கொடுத்ததை ஃபைனான்ஸ்காரர் மறு கையில் வாங்கிக்கொண்டார். இடையில் ஓட்டுநர் ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

அப்படியானால் வண்டியை நிறுவனமே வாங்கட்டும், ஓட்டுநர் ஓட்டினால் போதும் என்று ஒரு யோசனை உண்டு. டெல்லியிலும் பெங்களூருவிலும் ப்ளூஸ்மார்ட் அப்படித்தான் ஓடியது; பயணிகள் மெச்சினார்கள். அதற்குக் கார் வாங்கிக் கொடுத்த ஜென்சோல் நிறுவனம் பற்றி 2025 ஏப்ரலில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. 6,400 மின்சாரக் கார்களுக்கென்று கடன் வாங்கி 4,704 மட்டுமே வாங்கியதாகவும், பணம் வேறு வழிகளில், குருகிராமில் ஓர் ஆடம்பரக் குடியிருப்பு வரைக்கும், போனதாகவும் அதில் சொல்லியிருந்தது. சேவை நின்றது. ஓட்டுநர்களுக்குக் கடன் இல்லை, உண்மைதான். மறுநாள் ஓட்ட வண்டியும் இல்லை.

செஞ்சிக் கோட்டையை மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் முற்றுகையிட்டது 1690-இல், விழுந்தது 1698-இல். உள்ளே இருந்தவர்களோடு தளபதிக்கே ரகசியப் பேச்சு இருந்தது, முடிக்க அவருக்கு அவசரமில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மின்வாகன மானியமும் அப்படித்தான் நீண்டது. முதலில் வந்தது 2015-இல். 2019-இல் மூன்று ஆண்டுக்கென்று வந்த இரண்டாம் கட்டத்தை 2024 வரை நீட்டித்தார்கள். அதன் பிறகு ஓர் ஆறு மாத இடைத்திட்டம், பிறகு இ-டிரைவ். இரண்டாம் கட்டத்துக்குப் பிறகு தொகை குறைந்தது, பெயர் புதிதானது.

இத்தனைக்கும் வழி தெரியாத ஊரல்ல இது. நெல்லும் மணிலாவும் விளையும் செஞ்சிச் சுற்றுவட்டாரத்தில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டாம். தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை, அரசு ஏற்றுக்கொள்கிறது. அதே ஏற்பாட்டில் ஓர் ஆட்டோ கடனையும் சேர்த்தால் ஐம்பதாயிரம் மானியத்தைவிட அதிகம் மிஞ்சும், அது ஓட்டுநர் கையிலேயே மிஞ்சும். பேட்டரியை விற்காமல் வாடகைக்கு விட்டால் பேட்டரி சாகும் கவலை அதைச் செய்தவர் தலையில் இருக்கும், அவர் தாங்குவார். கேட்டால், பயிர் வேறு வண்டி வேறு, வண்டி தேயும் சொத்து என்பார்கள். பயிரும் காயத்தான் செய்கிறது. வறட்சியில் காய்ந்தால் கடனைத் தள்ளிவைக்க விதி இருக்கிறது. பௌர்ணமியன்று மழை கொட்டி, கிரிவலச் சவாரி மொத்தமும் போனால், டியூவைத் தள்ளிவைக்க விதியில்லை. தேதி தாண்டிய மறுநாளிலிருந்து அபராதம் ஓடும்.