கக்க பிக்குவுக்காக மாறிய விதி

பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநயத்தில் ஒரு சின்னச் சட்டச் சிக்கல் பதிவாகியிருக்கிறது. பிக்குகள் கூடி விதிகளை ஓதும் உபோசத நாளில், அந்த எல்லைக்குள் இருக்கும் பிக்குகள் எல்லோரும் நேரில் வரவோ தம் சம்மதத்தைச் சொல்லி அனுப்பவோ வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் கருமம் செல்லாது. கக்கர் என்ற பிக்குவுக்குச் சித்தம் கலங்கியிருந்தது. உபோசதம் அவருக்குச் சில வேளை நினைவிருக்கும், சில வேளை இருக்காது. சில வேளை வருவார், சில வேளை வரமாட்டார். அவரை நீக்கிவிட்டிருக்கலாம். சுகமாகி வரட்டும், அதுவரை கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தள்ளி வைத்திருக்கலாம். விநயத்தின் மகாவக்கம் சொல்லும் தீர்வு வேறு. சங்கம் முறைப்படி கூடி ஓர் இசைவை நிறைவேற்றுகிறது: கக்கருக்கு நினைவிருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் வந்தாலும் வராவிட்டாலும், அவரோடு சேர்ந்தோ அவரின்றியோ சங்கம் உபோசதத்தை நடத்தும், அது செல்லும். அவருடைய சித்தத்தை யாராலும் சரிசெய்ய முடியவில்லை. கூட்டத்தின் விதியைச் சரிசெய்ய முடிந்தது. அவர் பிக்குவாகவே இருந்தார். கடும் மனநோய் உள்ளவர்களின் புனர்வாழ்வு பற்றி இத்தனை பழையதும் இத்தனை நடைமுறைப் புத்தி உள்ளதுமான இன்னொரு தீர்ப்பை நான் படித்ததில்லை.

கண்டியிலிருந்து கலஹா வழியாக மேலேறினால் வரும் தெல்தோட்டையின் வைத்தியசாலையில் உளநலப் புனர்வாழ்வுப் பிரிவு ஒன்று இருக்கிறது. நோயின் கொதிப்பு அடங்கியும் வீட்டுக்குப் போகும் நிலை வராதவர்கள் இத்தகைய பிரிவுகளில் தங்குகிறார்கள். நேரத்துக்கு எழுவது, மருந்தை மறக்காமல் எடுப்பது, காசு எண்ணிச் சாமான் வாங்குவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது என்று குலைந்துபோன அன்றாடம் அங்கே மெல்லத் திரும்பக் கட்டப்படுகிறது. மனநல வைத்தியசாலை இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரே ஏச்சாகிப்போன நாடு இது. அங்கொடை, முல்லேரியா வைத்தியசாலைகளை மட்டும் நம்பியிருந்த முறையை மாவட்டங்களுக்குப் பரவலாக்குவதுதான் 2005 இன் தேசிய உளநலக் கொள்கையின் நோக்கமாக இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் சிகிச்சை என்பது நல்ல ஏற்பாடு, அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பிரிவிலிருந்து ஒருவர் வெளியே வரும்போது அவருக்கு ஊரில் என்ன இடம் காத்திருக்கிறது என்பதை வைத்தியசாலை தீர்மானிப்பதில்லை. வீடும் லயமும் கோயிலும் பள்ளிவாசலும் பன்சலையும் தீர்மானிக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் கேட்கும் பதில் ஒன்றுதான்: முழுசாகச் சுகமாகட்டும், பிறகு பார்ப்போம். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். மனிதருக்குரிய இடம் குணத்துக்குக் கிடைக்கும் பரிசாக இருக்க முடியாது. அது முதலில் தரப்பட வேண்டியது. அப்படித் தந்தால் குணமும் கூடுகிறது.

சைவர்களுக்கு இது புதிய கருத்தாக இருக்கக் கூடாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் உயிரையும் அந்தக்கரணங்களையும் பிரித்துக் காட்டுகிறார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் மாயையிலிருந்து தோன்றியவை, சடப்பொருள்கள், உயிர் தொழிற்படுவதற்குத் துணையான கருவிகள். அவற்றோடு கூடி நிற்கும்போது உயிர், அமைச்சர் சூழ இருக்கும் அரசனைப் போல் இருக்கிறது என்பது அவர் உவமை. அமைச்சருக்குப் பேச்சுக் குழறினால் அரசாணை வெளியே குழறலாகத்தான் கேட்கும். அரசன் இல்லாமல் போய்விட்டான் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. கண்பார்வை போனவரை உயிர் குறைந்தவர் என்று நாம் சொல்வதில்லை. புத்தி பிசகியவரை மட்டும் ஆளே மாறிவிட்டார், அவர் இனி அவர் இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சித்தாந்தப்படி கண்ணும் கருவி, புத்தியும் கருவி. கோயிலில் சித்தாந்த வகுப்பு வைத்துக்கொண்டே, தேர்த்திருவிழாவுக்கு வரும் மனநோயாளரை வாசலோடு திருப்பி அனுப்பும் ஊர் தன் சாத்திரத்தையே படிக்காத ஊர்.

கண்டிப் பகுதியில் இந்த வாதத்தை இத்தோடு நிறுத்த முடியாது. பக்கத்து வீட்டுப் பௌத்தர் உயிர் என்ற நிலையான பொருளையே ஏற்பதில்லை. கருவிக்குப் பின்னால் அரசன் என்று ஒருவன் இல்லை என்பார். உயிரை நம்பி நான் கட்டிய வாதம் அவருக்கு ஏன் செல்ல வேண்டும்? செல்ல வேண்டியதில்லை, அவரிடம் இன்னும் கூர்மையான ஒன்று இருக்கிறது. உடல்நோயின்றி நூறாண்டு வாழ்ந்தேன் என்று சொல்லக்கூடியவர் இருக்கலாம், மனநோயின்றி ஒரு கணம் இருந்தேன் என்று சொல்லக்கூடியவர் ஆசவங்கள் என்ற மனக்கசடுகள் அற்ற அருகதரைத் தவிர உலகில் அரிது என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது. நான் தெளிந்தவன், அவர் கலங்கியவர் என்று நடுவே கோடு போட அங்கே வழியில்லை. கலக்கத்தின் அளவுதான் வேறுபடுகிறது. அத்தோடு, சித்தம் கலங்கிய நிலையில் செய்தது குற்றமாகாது என்று விநயம் விதிதோறும் சொல்கிறது. தெல்தோட்டையில் மூன்றாவது அண்டை வீட்டாரான முஸ்லிம்களிடமும் இதற்கு இணையான நபிமொழி உண்டு: உறங்குபவர், சிறுவர், புத்தி பேதலித்தவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அவர்கள் செயல் குற்றமாக எழுதப்படுவதில்லை. உயிர் பற்றி மூன்று சமயங்களும் ஒன்றுபடுவதில்லை. நோயாளரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில் ஒன்றுபடுகின்றன. நாம் செய்த பிழை, குற்றத்திலிருந்து தந்த விலக்கை உறவிலிருந்தும் கூட்டத்திலிருந்தும் தந்த விலக்காக நீட்டிக்கொண்டது. பொறுப்பில்லாதவர் என்ற சலுகை பொருட்படுத்த வேண்டாதவர் என்ற தீர்ப்பாகிவிட்டது.

இடத்தை முதலில் தந்தால் குணம் கூடுகிறது என்பதற்குச் சான்று கேட்கலாம். முதல் சான்று கண்டியிலேயே இருக்கிறது. நான்சி வாக்ஸ்லர் என்ற சமூகவியலாளர், இங்கே உளப்பிளவு நோயோடு முதன்முறை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட 44 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 1979 இல் வெளியிட்டார். ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 45% பேருக்கு நோய்க்குறிகள் இல்லை. மேற்கு நாடுகளில் அன்று கண்ட முடிவுகளைவிட இது நல்ல முடிவு. அவர் தந்த விளக்கம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். இங்குள்ள குடும்பங்கள் நோயின் காரணத்தை நோயாளருக்கு வெளியே வைத்தன. சூனியம், பேய், கிரகம், வினை என்று எதையோ சொன்னார்கள். வெளியிலிருந்து வந்தது போகவும் கூடும். ஆகவே அந்த மனிதருக்கு நிரந்தரமான இன்னொரு பெயரை யாரும் சூட்டவில்லை. அவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்த்து அவருடைய வேலையும் பாயும் அப்படியே வைக்கப்பட்டன. பேயை நம்பாத நானும் இதை ஒப்புக்கொண்டாக வேண்டும்: பேய் என்ற விளக்கம் பிழை, அது ஆளுக்கு விட்டுவைத்த இடம் சரி. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியவர்களைப் பற்றி 2002 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வும் இதே திசையில் போகிறது. அங்கே தங்கிய 31 பேரின் நோய்க்குறி மதிப்பெண் சராசரியாக 20 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. சிகிச்சை என்று அங்கே தனியாக எதுவும் நடக்கவில்லை. கோயில் பூசையில் கலந்துகொண்டார்கள், கூட்டினார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், குடும்பத்தவர் ஒருவர் உடன் இருந்தார். மிரட்டாத ஓர் இடத்தில் பலரோடு வாழ்ந்ததே பயன் தந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இந்தச் சான்றுகளை மிகைப்படுத்தினால் வாதம் கெட்டுவிடும். 44 பேரும் 31 பேரும் சிறிய எண்ணிக்கைகள். வளரும் நாடுகளில் நோய் எளிதில் தணிகிறது என்ற பொதுக் கருத்தையே 2008 இல் கோயன், பட்டேல், தாரா, குரேஜே ஆகியோர் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கினார்கள். நாட்டுக்கு நாடு, ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் பெரிதும் வேறுபடுகின்றன, சிகிச்சையே கிடைக்காதவர் கணக்கில் வருவதில்லை என்றார்கள். அவர்களில் ஒருவரான சென்னை மருத்துவர் தாரா, சாரதா மேனன் 1984 இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தில் இருந்து நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவர். எல்லாவற்றுக்கும் மேலே தமிழ்நாட்டின் ஏர்வாடி நிற்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, தர்காவைச் சூழ இருந்த விடுதிகளில் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களையும் சமய நம்பிக்கைதான் அங்கே கொண்டு வந்தது. அப்படியானால் சமயத்திடம் போகாமல் மருந்திடம் மட்டும் போகச் சொல்வதுதானே நேர்மை என்று கேட்பவருக்கு என் பதில் இது. மருந்து வேண்டும், தாமதமின்றி வேண்டும். கருவி பழுதானால் கருவியைத்தான் பார்க்க வேண்டும், மாதாந்த ஊசியைத் தவறவிட்டுவிட்டு அர்ச்சனை செய்வது சித்தாந்தமாகாது. ஆனால் முத்துசுவாமி கோயிலுக்கும் ஏர்வாடி விடுதிக்கும் நம்பிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஓரிடத்தில் நோயாளர் மற்றவர்களோடு புழங்கினார், மற்றதில் சுகமாகும்வரை கட்டிவைக்கப்பட்டார். சுகமான பிறகு பார்ப்போம் என்ற வரிசைக்கு இரும்பில் செய்த வடிவம்தான் சங்கிலி.

புனர்வாழ்வுத் துறையும் நெடுங்காலம் இந்த வரிசையிலேயே நடந்தது: முதலில் பயிற்சி, தேறினால் வேலை. அதைப் புரட்டிப்போட்டு, விரும்புபவரை நேரே சம்பள வேலையில் சேர்த்து அங்கேயே துணை நிற்பது என்ற முறையை ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் சோதித்து 2007 இல் முடிவு வெளியிட்டார்கள். இந்த முறையில் 55% பேர் வேலை பெற்றார்கள், பழைய முறையில் 28%. வேலையின் நெருக்கடி நோயைக் கிளப்பும் என்ற அச்சமும் பொய்த்தது. மீண்டும் வைத்தியசாலையில் சேர நேர்ந்தவர்கள் புதிய முறையில்தான் குறைவு. ஐரோப்பிய நகரத்துக்குச் சரி, தேயிலைத் தோட்டத்துக்கு? இங்கேதான் தெல்தோட்டைக்கே உரிய ஓர் ஆட்சேபம் எழுகிறது, அதைத் தாண்டிப் போவது முறையல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரை இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. அன்றுமுதல் இங்குள்ள தமிழர் பறித்த கொழுந்தின் எடையால் அளக்கப்பட்டே வந்திருக்கிறார்கள். காலையில் பெயர் பதியும் பிரட்டுக்குப் போய், குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, குறைந்தால் அரைப் பேர். உழைப்பை மனித மதிப்பாகவே ஆக்கிவிட்ட ஒரு சமூகத்தில், வேலை தருவதே புனர்வாழ்வு என்று சொல்வது பழைய தராசில் நோயாளரையும் ஏற்றி வைப்பதாகாதா? உழைக்க முடியாதவருக்கு அப்போது என்ன பெயர்?

இந்த ஆட்சேபத்தில் பாதி சரி. சிகிச்சை என்ற பெயரில் கூலியில்லாத வேலை வாங்குவது தோட்டத்து அநியாயத்தின் நகல்தான். மனநோய் இல்லங்களின் வரலாற்றில் அதற்கு உலகெங்கும் உதாரணம் உண்டு. மறுபாதி சரியில்லை. கக்கருக்கு உபோசதத்தில் கலந்துகொள்ளும் உரிமை இருந்தது. கலந்துகொள்ளாதபோதும் பிக்கு என்ற நிலை இருந்தது. ஒன்று மற்றதற்கு விலையாக வைக்கப்படவில்லை. வேலையும் அப்படி இருக்க வேண்டும். கேட்பவருக்கு அது கிடைக்க வேண்டும், முழுச் சம்பளத்தோடு, நேரத்தில் நெகிழ்வோடு. முடியாதவருக்கு அது இல்லாமலே சோறும் மரியாதையும் பெயர்சொல்லி அழைக்கும் உறவும் வேண்டும். இதற்கு வானத்து வசதி தேவையில்லை. இந்தியாவில் தமிழ்நாடு உள்ளிட்ட மூன்று இடங்களில், ஊரிலிருந்தே பயிற்றப்பட்ட சாதாரணப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் மருந்து, அன்றாடம், உறவு, வேலை பற்றிப் பேசியபோது, வைத்தியசாலைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நோயாளிகளின் இயலாமை சற்றுக் கூடுதலாகக் குறைந்ததை 2014 இல் வெளியான சோதனை காட்டியது. பயன் மிதமானது, பொய்யானதல்ல. மலையகத்தில் அத்தகைய பணியாளர் தமிழ் பேசுபவராக இருப்பது அடிப்படைத் தேவை. காதில் கேட்கும் குரல்களைப் பற்றி இரண்டாம் மொழியில் விவரிக்கச் சொல்வது நோயாளர்மீது இன்னொரு சுமை.

வினைக்கொள்கையையும் தொட்டாக வேண்டும், ஏனென்றால் திண்ணையில் முதலில் வரும் சொல் அதுதான். முற்பிறப்பில் செய்தது, அனுபவித்துத் தீர்க்கட்டும் என்பார்கள். இது வினைக்கொள்கையின் பாதிதான். வினையின் பயனை ஊட்டுபவன் இறைவன் என்று சைவம் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரனை அந்த வேலைக்கு நியமித்ததாகச் சொல்லவில்லை. அவருக்கு வந்தது அவர் வினை என்றால், அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பது என் வினை, அது இன்றைக்கே கணக்கில் ஏறுகிறது.

இடம் தருவது என்று பேசும்போது அந்த இடத்தை யார் முதுகில் சுமக்கிறார்கள் என்ற கேள்வி கடைசியாக வருகிறது, எனக்கு மிகவும் சங்கடமானதும் இதுதான். வாக்ஸ்லர் கண்ட குடும்பம் என்பது நடைமுறையில் ஒரு தாய், ஓர் அக்கா, ஒரு மனைவி. அவள் விடியுமுன் எழுந்து மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துவிட்டு வந்துதான் மருந்து கொடுக்கிறாள். நோயுற்றவள் பெண்ணாக இருந்தால் கதை இன்னும் கடுமை. சென்னையில் மணமுறிந்த நோயாளிப் பெண்களைப் பற்றி ஸ்கார்ஃப் செய்த ஆய்வில், கணவர் வீடு கைவிட்டபின் அவர்களைத் தாங்கியது பெரும்பாலும் முதிய பெற்றோர். தமக்குப் பின் இவளுக்கு யார் என்பதே அவர்களின் ஓயாத கவலை. குடும்பத்தைப் புகழ்ந்துவிட்டு எல்லாவற்றையும் குடும்பத்திடம் விடுவது, கக்கரை ஒரு தனிப் பிக்குவிடம் ஒப்படைத்துவிட்டுச் சங்கம் கலைந்துபோவதற்குச் சமம். இசைவை நிறைவேற்றியது சங்கம் முழுவதும். தோட்டத்தில் அதற்கு ஈடான சங்கம் கோயில் கமிட்டியும் தொழிற்சங்கமும் நிர்வாகமும் சேர்ந்தது. அவர்கள் முன் இருக்கும் தீர்மானமும் மிகச் சாதாரணமானது. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், அங்கே குடியிருப்பு பல தலைமுறையாகத் தோட்ட வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. இப்போது 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணியும் தனி வீடும் உறுதிப் பத்திரமும் பேசப்படுகின்றன. குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கணக்கெடுக்கும்போது, பிரட்டில் பெயர் இல்லாத, கிளினிக் கொப்பியில் மட்டும் பெயர் உள்ள தம்பியை எந்தக் குடும்பத்தில் எழுதுவது, அக்கா இறந்த பின் அந்த வீட்டில் அவன் இருக்கலாமா என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு வரி வேண்டும்.