வரிசை கலைந்த பிறகு

நவம்பர் மாதம் அமெரிக்காவின் டிரம் கோர் எனப்படும் அணிவகுப்பு இசைக்குழுக்களுக்கு ஆள்தேர்வுக் காலம். அடுத்த கோடையில் மைதானத்தில் நடந்தபடியே வாசிக்கப் போகிற இளைஞர்களை அப்போதே தேடத் தொடங்கிவிடுவார்கள். எந்த வாத்தியத்துக்கு ஆள் வேண்டும் என்ற பட்டியல் வருகிறது. ட்ரம்பெட், மெலோஃபோன், யூஃபோனியம், டியூபா, ஸ்நேர், டெனர், பேஸ் டிரம், இவற்றோடு கொடி சுழற்றும் கலர் கார்டு. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அதை மேலிருந்து கீழே படிக்கிறான். பிறகு கீழிருந்து மேலே படிக்கிறான். சிம்பல் இல்லை. இரண்டு கோடைகள் அவன் நின்ற வரிசையை யாரும் அடித்துத் திருத்தக்கூட இல்லை. எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடந்த முப்பது ஆண்டுகளில் இத்தகைய பட்டியலைப் படித்தவர்கள் பலர்.

சிம்பல்காரரின் துக்கம் வெளியாருக்கு எளிதில் புரிவதில்லை. சிம்பலின் சின்ன வடிவம் போன்ற ‘ஜால்ரா’ நம் மொழியிலேயே வசவாகிவிட்டது. கோயிலில் காலத்தைக் கட்டி நிறுத்தும் கருவியின் பெயரை எடுத்து, அடுத்தவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவருக்குச் சூட்டிவிட்டோம். இரண்டு தட்டைச் சேர்த்துத் தட்டுவதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் உண்டு.

கையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். இருபது அங்குலம்வரை விட்டமுள்ள கனத்த வெண்கலத் தட்டுகள். தோல்வாரைக் கையில் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் அடியில் தோல் உரிந்து, காய்ந்து, காய்த்துப்போகும். இரண்டையும் நேருக்கு நேர் மோதினால் நடுவில் காற்று அடைபட்டு ‘தொப்’பென்று செத்த ஒலிதான் வரும். ஒரு விளிம்பு மற்றதைவிட இமைப்பொழுது முந்தித் தொடும்படி சாய்த்து மோதினால்தான் ஒலி மலரும். ஒரே ஓர் அடிக்காகப் பல சுற்றுகள் வாய்க்குள் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சில இடங்களில் தட்டுகளைக் கிடையாகப் பிடித்து நிற்க, எதிரே இருக்கும் ஸ்நேர்க்காரர் தன் குச்சியால் அதில் வாசிப்பார். நடந்துகொண்டே, அசையாமல், இன்னொருவர் கைக்கு மேடையாக இருப்பதும் அந்த வேலையில் அடக்கம்.

அந்த வரிசையை ஏன் எடுத்தார்கள்? கொடுமைக்காரர் எவரும் உட்கார்ந்து செய்த சதி இல்லை அது, பெரும்பாலும் கணக்கு. டிரம் கோர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட சங்கத்தின் முதல் இறுதிப்போட்டி 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது. அன்றிலிருந்து விதிகள் ஒவ்வொன்றாக மாறின. 1980களின் தொடக்கத்தில், கனத்த தாள வாத்தியங்களை மைதானத்தின் முன்விளிம்பில் நிறுத்தி வைத்து வாசிக்கலாம் என்றானது. சுமந்து நடந்த டிம்பனிக்காரர் அன்றே நடையை இழந்தார். ஸ்டாண்டில் தொங்கும் சிம்பலும் அங்கே வந்து சேர்ந்தது. 2004இல் ஒலிபெருக்கி, 2009இல் மின்னணு வாத்தியங்கள், 2014இல் ட்ராம்போன் உள்ளிட்ட எல்லாப் பித்தளை வாத்தியங்களும் அனுமதி பெற்றன. ஒரு குழுவில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற வரம்போ எப்போதும் இருந்தது. நெடுங்காலம் 128, பிறகு 150க்கு மேல் போனது. வரம்புக்குள் புதியவர் ஒருவர் வந்தால் பழையவர் ஒருவர் இறங்க வேண்டும். ஐந்து சிம்பல் இடங்களை ஐந்து ட்ரம்பெட்டுகளாக மாற்றினால் மதிப்பெண் கூடுமா என்று கேட்கும் நிர்வாகிக்கு விடை எளிது. சான்டா கிளாரா வேன்கார்ட் போன்ற மிகச் சில குழுக்களே நெடுங்காலம் அந்த வரிசையைப் பிடிவாதமாகக் காத்தன.

காரணம் புரிந்தால் கோபம் தணியலாம். துக்கம் தணியாது. ‘உன் திறமையைக் குறை சொல்லவில்லையே, இடத்தைத்தானே எடுத்தோம்’ என்ற ஆறுதல் காயத்தில் உப்பு. தேர்வில் தோற்றவனுக்குத் திரும்ப முயலலாம் என்ற வழியாவது இருக்கிறது. இவன் தோற்கவே இல்லை. முயல்வதற்குத் தேர்வும் இல்லை. அந்தக் குழுக்களில் இருபத்திரண்டு வயதோடு காலம் முடிந்துவிடும் என்பதால் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பதும் எல்லோருக்கும் பொருந்தாத சொல்.

ஆகவே முதல் கடமை, துக்கத்துக்கு அதன் அளவைக் கொடுப்பது. சாவு வீட்டுக்குக்கூடப் பதினாறு நாள் என்று ஒரு கணக்கு வைத்தவர்கள் நாம். அந்தக் கணக்கில் இரண்டு அறிவு உண்டு: அத்தனை நாள் அழலாம், அத்தனை நாளுக்குப் பிறகு அடுப்பு எரிய வேண்டும். முதல் வாரத்திலேயே ‘இதுவும் நன்மைக்கே’ என்று சொல்லிக்கொள்பவன் தன்னையே ஏமாற்றுகிறான். மூன்றாவது வருஷமும் அதையே புலம்புபவன் எஞ்சியதையும் இழக்கிறான்.

இரண்டாவது, இழந்தவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது. கூட்டாக நிற்கும் துக்கம் மலைபோலத் தெரியும். இங்கே போனவை மூன்று. ஒன்று இடம், அது என்றைக்குமே குழுவினுடையது, நமக்குத் தந்து வைத்திருந்தார்கள். இன்னொன்று கூட்டு. பள்ளி ஜிம்மின் தரையில் படுத்து, இரவெல்லாம் பஸ்ஸில் பயணித்து, ஒரே மூச்சில் தட்டை உயர்த்திய அந்த நான்கைந்து பேர். அதைக் குழு எடுக்கவில்லை. ஆனால் தேடிப் போய்ப் பிடித்து வைக்காவிட்டால் தானாகவே நழுவும். வரிசை இருந்தபோது பயிற்சிமணி அவர்களைச் சேர்த்தது. இனி நீயேதான் சேர்க்க வேண்டும். மூன்றாவது, கையும் காதும் கற்றது. அதற்குக் குழு உரிமை கொண்டாட முடியாது. வாசிக்காத நேரத்திலும் எண்ணிக்கையை விடாத பழக்கத்தை எந்த நிர்வாகியாலும் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது.

இந்தத் தட்டுகளின் வரலாறே இதற்குச் சான்று. ஐரோப்பியப் படை இசைக்குள் இவை புகுந்தது துருக்கியரின் மெஹ்தர் அணிவகுப்பு இசை வழியாக. 1782இல் மொஸார்ட் தன் துருக்கிக் கதை ஓபராவில் இந்த ஒலியைக் கொண்டு வந்தார். 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், மெஹ்தர் இசைக்குழு சேர்ந்திருந்த யானிசரிக் காலாட்படையைக் கலைத்தார். அதோடு மெஹ்தரும் கலைந்தது. அங்கே போனது ஒரு வரிசை இல்லை, முழுக் குழு. இரண்டே ஆண்டில் ஓபரா மேதை டோனிசெட்டியின் அண்ணன் ஜியுசெப்பே இஸ்தான்புல் வந்து, மேற்கத்திய பாணியில் அரண்மனை பேண்டை அமைத்தார். ஆனால் 1623 முதல் அந்த நகரில் தட்டுகளை வார்த்துவந்த ஆர்மீனியரான ஸில்ஜியன் குடும்பத்தின் உலை அணையவில்லை. செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்த அந்தத் தொழில் 1929இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் போனது. பின்னாளில் டிரம் கோர்களின் கைக்கும் அதே பெயர் பொறித்த தட்டுகள் வந்தன. கலைக்கப்பட்ட படையின் ஒலி, கலைத்தவர் அறியாத நாடுகளில் நடந்துகொண்டிருந்தது.

இடம் எடுக்கப்படும்போது குழுவும் ஒன்றை இழக்கிறது. இதைத் தமிழ்நாட்டில் பார்த்திருக்கிறோம். பெரிய மேளத்தில் நாகஸ்வரம், தவிலோடு ஒத்தும் தாளமும் உண்டு. ஒத்து ஊதுபவர் ராகம் வாசிப்பதில்லை. மூச்சு அறாமல் சுருதியைப் பிடித்து நிற்பார். சுருதிப்பெட்டி வந்தது, பிறகு மின்சாரச் சுருதி வந்தது, ஒத்துக்காரர் குறைந்துபோனார். சுருதி கெடவில்லை என்பது உண்மை. ஆனால் ஆசானின் தோளருகே நின்று, ஊதியபடியே இரவெல்லாம் ராகத்தைக் காதில் வாங்கிக்கொண்ட சிறுவனின் இடமும் சேர்ந்து போயிற்று. அமெரிக்கப் பள்ளிகளிலும் புதிதாக வருகிற பிள்ளைக்கு முதலில் கிடைப்பது பல இடங்களில் சிம்பல்தான். சின்ன இடங்கள் பெரிய இடங்களுக்கு வாசல். வாசலை அடைத்தவர் வீட்டின் பரப்பு கூடியதாகக் கணக்கு எழுதிக்கொள்வார்.

இதைக் குழுவிடம் சொல்லலாமா? சொல்ல வேண்டும், ஒருமுறை, தெளிவாக. நேருக்கு நேர் மோதினால் செத்த ஒலிதான் வரும் என்பதைச் சிம்பல்காரருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ‘ஏன் எடுத்தீர்கள்’ என்று கேட்பதைவிட, ‘எங்களில் யாரை எங்கே சேர்த்துக்கொள்ள முடியும்’ என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். நிர்வாகத்தில் இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. முடிவு உங்கள் உரிமை. ஆனால் அந்த நான்கைந்து பேரும் அதைப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். அழைத்து உட்காரவைத்து, காரணத்தை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அதன்பின் இருப்பவை இரண்டு வழிகள். பேஸ் டிரம்மையோ வேறொன்றையோ தோளில் மாட்டிக்கொண்டு, தன்னைவிட இளையவரிடம் முதல் பாடத்திலிருந்து தொடங்கலாம். இரண்டு வருஷ அனுபவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது கடினம். இருந்தாலும், எண்ணக் கற்றவன் எங்கே நின்றாலும் எண்ணிக்கை தவறமாட்டான். அல்லது குழுவை விட்டு வெளியேறலாம். அதில் கேவலம் ஏதுமில்லை. இருந்துகொண்டே கசந்துபோவதும், போன பிறகும் அந்தக் குழு தோற்க வேண்டும் என்று காத்திருப்பதும் மட்டும் கூடாது. அந்தக் காத்திருப்பு ஒருவனின் கோடைகளை ஓசையில்லாமல் தின்றுவிடும்.

சிம்பலின் தோல்வாரை, தட்டின் நடுவே குவிந்திருக்கும் ‘மணி’யின் துளைக்குள் நுழைத்து ஒரு முடிச்சுப் போடுவார்கள். வாரின் நான்கு கிளைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து இறுக்க வேண்டும். சரியாகப் போடாவிட்டால் நடக்கும்போது தட்டு கையைவிட்டுக் கழன்று விழும். பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்துக் கற்றுத்தந்தால்தான் அது கைக்கு வரும். பட்டியலில் இடம் இழந்த அந்தப் பையன், கோடை வந்ததும் தன் பழைய பள்ளிக்கு ஒருநாள் போகட்டும். அங்கே தட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளை இருக்கும். முடிச்சை அவிழ்த்து, முதலிலிருந்து, மெதுவாகப் போட்டுக் காட்டட்டும்.