அச்சமும் கழிவிரக்கமும்

போர்க்களத்தினின்று மீண்டும் போரினின்று மீளாதார் பலர். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் துயரே, 1980இல் இந்நோய் மருத்துவ நூலில் தனிப்பெயர் பெறப் பெரிதும் காரணமாயிற்று.

ஷெஃபீல்டு நகரில் 1985இல் ஆந்தனி பார்க்கரும் துணைவரும், மண்டையோட்டைத் திறவாமலே காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினர். தலைமீது வைத்த கம்பிச்சுருளின் காந்தப்புலம் உள்ளே சென்று நரம்பணுக்களில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. கத்தியில்லை; மயக்க மருந்துமில்லை. தலைவலி வருவதுண்டு, அரிதாக வலிப்பும். அமெரிக்காவில் 2008இல் மனச்சோர்வுக்கு இம்முறை ஒப்புதல் பெற்றது, போர்த்துயருக்கும் ஆய்ந்துள்ளனர்.

வெடியோசையை எண்ணி நடுங்குபவனின் அச்சம் நீங்கின் யாவரும் மகிழ்வர். ஆனால், ‘ஓர் உயிரைக் கொன்றேனே’ என்று உறங்காதிருப்பவன்? அவனது கழிவிரக்கத்தையும் போக்கலாமோ? நாமும் முதலில் தயங்கினோம். செய்த தீவினையை எண்ணி வருந்தி மீளுதலைப் பிரதிக்கிரமணம் எனப் போற்றுபவரல்லவா நாம்! எனினும் இச்சிகிச்சை நினைவை அழிப்பதற்கன்று. இரவுதோறும் அலறி எழுபவனுக்கு வருந்தவும் வலுவில்லை. அவன் படுவது கழுவாயன்று, வாதை. நடுக்கம் தணிந்தபின் அவன் தன் செயலை நோக்கலாம், நோக்காமலும் போகலாம். அதற்காக, வந்தவன் கொன்றவனா, கொல்லப்பட இருந்தவனா என வாயிலிலேயே வினவும் மருத்துவரை நாம் விரும்போம்.