புதிது வாங்கும் முன்

புதியதொரு பொருள் கண்ணிற் பட்டவுடன் பழையதன் குறைகள் பெரிதாகத் தோன்றத் தொடங்குகின்றன. அக்குறைகள் மெய்யாகவே பழைய பொருளில் உள்ளனவா என்று ஆராய்வோர் நம்மிற் சிலரே.

நம் இல்லத்துக் கணினியில் தொலைநகல் அனுப்பும் மென்பொருள் ஒன்று உண்டு. விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. தனி விலை கொடுத்ததில்லை. தோட்டத்து முதியோர் சிலருடைய பத்திரங்களை, தொலைநகலே கேட்கும் அலுவலகம் ஒன்றுக்கு அதன் வழியே அனுப்பி வந்தோம். மழைக்காலத்தில் ஒரு முதியவருடைய பத்திரம் மும்முறை பாதியில் அறுந்தது. மென்பொருள் பழசாயிற்றென்று முடிவு கட்டி, புதிது வாங்க விளம்பரங்களை ஒப்பிடலானோம். ஒவ்வொன்றும் வேகம், வேகம் என்றே முழங்கியது.

அவ்வேகத்தின் தன்மை யாது? தொலைநகல் என்பது தாளைப் புள்ளிகளாக்கி, அவற்றை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியிற் செலுத்துவது. 1980இல் வகுக்கப்பெற்றுப் பின்னர்த் திருத்தங்கள் கண்ட உலகப் பொதுவிதிப்படி, இருமுனை இயந்திரங்களும் முதலில் தத்தம் ஆற்றலை அறிவித்துக்கொள்ளும். ஒன்று நொடிக்கு 14,400 பிட் செலுத்த வல்லதாயினும், மற்றது 9,600 மட்டுமே ஏற்குமாயின், இரண்டும் 9,600க்கே இணங்கும். கம்பியில் இரைச்சல் மிகுந்தால் அதனினும் தாழும். எத்துணை விலை கொடுத்தாலும் எதிர்முனையை விஞ்சி ஓட இயலாது.

இதனை உணர்ந்த பின்னரே கம்பியைச் சோதித்தோம். சுவரோரத்து இணைப்பில் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டித் துடைத்து முடுக்கினோம், பத்திரம் சென்றது.

ஆனால், நாம் விளம்பரம் படித்திருந்த ஒரு வாரமும் அப்பத்திரம் மேசையிலேயே கிடந்தது. முதியவர் நாள்தோறும் வாயிலில் நின்று, "கிராணி ஐயா, காகிதம் போய்ச் சேர்ந்ததுங்களா?" என்று கேட்டார். எத்துணை விரைவிற் செல்லும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வேகம் நம் ஆசை. சேர்தல் அவர் தேவை. நம் ஆசைக்கு அவர் தேவையென்று பெயரிட்டுக்கொண்டோம்.

பழையது என்பதற்காக ஒன்றைப் போற்றுதல் மூடப்பழக்கம் என்று மேடைதோறும் பேசுகிறோம். புதியது என்பதற்காக ஒன்றை வாங்குதல் மட்டும் பகுத்தறிவாகுமோ? இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை.

நிற்க. புதியதே வேண்டா என்பது நம் கருத்தன்று. அவ்வலுவலகம் மின்னஞ்சலை ஏற்குமாயின், அன்றே தொலைநகலை விட்டுவிடுவோம். தேவை மாறினால் கருவியும் மாறத்தான் வேண்டும். அதுகாறும், பணப்பையைத் திறக்குமுன் கம்பியைச் சோதிப்போம். அதற்கும் முன்னே, வாயிலில் நிற்பவர் என்ன கேட்கிறார் என்று செவி கொடுப்போம்.