எங்கிருந்து எதுவரை

கம்பளையில் கடிதம் தட்டச்சு செய்து கொடுக்கும் கடைகளுக்கு வருகிறவர்களில் பலர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம், பாடசாலைக்கு ஒரு கடிதம், மகனுக்கு ஒரு சுயவிபரக்கோவை என்று ஏதாவது தேவை இருக்கும். இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் வெறும் பக்கத்தில் தொடங்குவதில்லை. முன்பு வேறொருவருக்கு அடித்ததைத் திறந்து, பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் மாற்றுவார்கள்.

ஆபத்து அங்கேதான். பழைய அடையாள அட்டையில் 9 எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016இலிருந்து வந்த புதியதில் 12 எண்கள் மட்டுமே. மவுஸை இழுக்கும் கை ஓரெழுத்து முன்னதாக நின்றால், புதியவரின் 12 எண்களுக்குப் பின்னால் முன்னவரின் எழுத்து ஒட்டிக்கொண்டே அச்சாகிவிடும். கடிதம் திரும்பி வரும். மறுபடி இறங்கி வருகிற தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, இல்லை. தோட்டத்தில் ஒரு நாள் பேர் என்றால் என்னவென்று அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விசைப்பலகையால் தெரிவு செய்தால் இதைத் தவிர்க்கலாம். இலக்கத்தின் முன்னால் கேர்சரை வைத்து, கொன்ட்ரோலையும் ஷிப்டையும் அழுத்தியபடி வலது அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் 12 எண்களும் அப்படியே தெரிவாகும். பழையதானால் அந்த எழுத்தும் சேர்ந்தே வரும். ஷிப்டுடன் எண்ட் விசை வரியின் முடிவுவரை கொண்டுபோகும். கூடிவிட்டதா? ஷிப்டை விடாமல் இடது அம்புக்குறியால் பின்வாங்கலாம். மவுஸில் கை நழுவினால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழுக்கு இது இன்னும் உதவும். யூனிகோட்டில் 'தொ' என்பதைப் பின்னழி விசையால் அழித்தால் குறி மட்டும் போய் 'த' நிற்கும். ஷிப்டும் அம்புக்குறியுமாகத் தெரிவு செய்தால் முழு எழுத்தும் பிடிபடும். எழுத்துப்பிழை திருத்துகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

முதலில் தெரிவு, பிறகே கட்டளை என்ற ஒழுங்கை 1970களின் நடுப்பகுதியில் ஸெரொக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மொட்டும் ஜிப்சி என்ற மென்பொருளில் செம்மைப்படுத்தினார்கள். ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்தின் ஆசிரியர்கள் தாளில் எப்படித் திருத்துகிறார்கள் என்று கவனித்துச் செய்த வேலை அது. அதற்கு முந்திய பிராவோ என்ற மென்பொருளில், கட்டளை நிலையில் இருப்பதை மறந்து 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால், முதலெழுத்து ஆவணம் முழுவதையும் தெரிவு செய்யும், இரண்டாவது அழிக்கும், மூன்றாவது புதிதாக எழுத வழிவிடும், நான்காவது மட்டும் திரையில் மிஞ்சும். இன்றும் கொன்ட்ரோலுடன் ஏ அழுத்திவிட்டு, கவனமில்லாமல் ஓர் எழுத்தைத் தட்டினால் கடிதமே போய்விடும். கொன்ட்ரோலுடன் இசட் உடனே மீட்டுத் தரும். பதறி மூடிவிடக் கூடாது.

வேர்டில் எஃப் 8 விசையை இரண்டு தடவை அழுத்தினால் சொல், மூன்றில் வாக்கியம், நான்கில் பந்தி, ஐந்தில் ஆவணம் முழுதும். விலக எஸ்கேப். சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் இவற்றைப் புள்ளிகளுக்காக மனனம் செய்வதோடு விட்டுவிட வேண்டாம். வகுப்பில் மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, நிரப்பிய விண்ணப்பம் ஒன்றை வேறொருவர் விபரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், ஆசிரியர்மாரே. அதை அச்செடுத்து, பக்கத்துப் பிள்ளை முன்னவரின் விபரம் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடிப் பார்க்கட்டும்.