நாயும் விருந்தோம்பலும்

ஸ்காட்லாந்து மலைநாட்டில் கிளென்கோ என்னும் பள்ளத்தாக்கு உண்டு. இருமருங்கும் செங்குத்தான மலைகள், ஓயாத மழை. பகலெல்லாம் அம்மலைகளில் நடந்து இறங்குவோர் மாலையில் கிளாக்கெய்க் என்ற பழைய விடுதியை நாடுவர். சேறு படிந்த நடைக்காலணிகளோடு நுழையலாம் என்பதைப் பெயரிலேயே அறிவிக்கும் கூடம் ஒன்று அங்கு உண்டு. நடந்தவரோடு நடந்த நாயும் உள்ளே வரலாம். அந்நாட்டின் இத்தகைய விடுதியொன்றில் தங்கிய உறவினர் ஒருவர், நாய்க்குக் கிண்ணத்தில் நீர் வைத்த பின்னரே மனிதருக்கு உணவுப் பட்டியல் தந்தனர் என்று வியந்து நமக்கு மடல் எழுதியிருந்தார்.

படித்ததும் நாம் முகம் சுளித்தோம் என்பதை மறைப்பானேன்? நாய் எட்டிப் பார்த்த அடுக்களையை நீர் தெளித்துத் துடைக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அந்நாட்டுச் சட்டமும் சமைக்குமிடத்தில் விலங்கு புகுவதை ஏற்பதில்லை. உண்ணும் கூடத்தில் விடுவதும் விடாததும் விடுதிக்காரர் விருப்பம். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்றவற்றை மட்டும், 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, தக்க காரணமின்றித் தடுக்கவியலாது.

முகச்சுளிப்பு நீங்கியபின் ஓர் ஐயம் எழுந்தது. இது விருந்தோம்பலா, வணிகமா? நாயை மறுத்தால் அதன் தலைவன் அடுத்த விடுதிக்குப் போய்விடுவான். எனவே கிண்ணத்து நீர், நாயின் தாகத்துக்கு வைத்ததா, தலைவனின் பணப்பைக்கு வைத்ததா? விலை கொடுப்பவனை வரவேற்பதை விருந்தோம்பல் என்று நம் முன்னோர் சொல்லவில்லை.

இந்த ஐயத்துக்கு விடை, அந்நாட்டு மாட்டு வணிகரின் பழங்கதையில் கிடைக்கிறது. 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மலைநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் மாட்டு மந்தைகளைக் கால்நடையாகவே ஓட்டிச் சென்று, முதலில் கிரீஃப், பின்னர் ஃபால்கர்க் சந்தைகளில் விற்பர். வழியெங்கும் மந்தையைக் காத்தவை நாய்களே. விற்றபின் அறுவடைக் கூலிவேலைக்காக ஓட்டியவர் சிலர் தெற்கே தங்கிவிடுவர்; நாய்களையோ, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவர். அவை வந்த வழியே தனியே திரும்பும். போகும்போது தங்கிய விடுதிகளிலும் பண்ணைகளிலும் அவற்றுக்கு உணவிடுவர். அடுத்த ஆண்டு மந்தையோடு வருபவர் அந்தக் கடனைத் தீர்ப்பார். ஏ. ஆர். பி. ஹால்டேன் 1952-இல் வெளியிட்ட மாட்டுவழிகள் பற்றிய நூலில் இவ்வழக்கம் பதிவாகியுள்ளது.

கணக்கு இங்கும் உண்டுதான். ஆனால் கொடுக்க வேண்டியவன் கண்ணெதிரில் இல்லை. அடுத்த ஆண்டு வருவானா என்பதும் நிச்சயமில்லை. வாயிலில் நிற்பதோ பேச்சில்லாத, பணமில்லாத ஓர் உயிர். அதற்குச் சோறிட்டவர்களை வெறும் வணிகர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமபுத்திரனை நாம் போற்றுகிறோம். அந்த நாய் தருமதேவதையாக மாறாமல் நாயாகவே நின்றிருந்தால் அக்கதை இன்னும் உயர்ந்திருக்கும் என்பது நம் நெடுநாள் எண்ணம். மாட்டுவழி நாய்கள் இறுதிவரை நாய்களாகவே இருந்தன.

கிளாக்கெய்க் விடுதியில் மற்றொரு பலகையும் உண்டு: தெருவிற்பனையாளருக்கும் கேம்ப்பெல் குலத்தாருக்கும் இடமில்லை என்பது அது. இன்று அது வேடிக்கைதான். அதன் வேர் வேடிக்கையன்று. 1692-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் கிளென்லயன் ராபர்ட் கேம்ப்பெல் தலைமையில் வந்த படைவீரர், அப்பள்ளத்தாக்கின் மக்டோனல்டு குலத்தார் வீடுகளில் தங்கி, அவர்கள் உணவை ஏறத்தாழ இரு வாரம் உண்டனர். பிப்ரவரி 13 விடியுமுன் அவ்வீட்டாரையே வெட்டவும் சுடவும் தொடங்கினர். மாண்டவர் ஏறத்தாழ 38 பேர். பனியில் ஓடி மடிந்தவர் வேறு. போரில் இதைவிடப் பெருங்கொலைகள் நிகழ்ந்ததுண்டு. ஆயினும் இதை அந்நாடு மறக்கவில்லை. கொன்றவர் விருந்தினர் என்பதே காரணம். உண்ட வீட்டை நாய் கடிப்பதில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பலகைக்குக் கீழே நாய் தடையின்றி நுழைவதைக் காண்போர்க்கு அச்சொல்லின் கனம் விளங்கும்.

இருப்பினும் இதில் ஓர் இடறல் உண்டு. ஒருவன் செய்த துரோகத்துக்கு அவன் குலம் முழுவதையும் வாயிலில் நிறுத்துவது என்ன நீதி? பலகைகளின் கொடுமையை நாமும் அறிவோம். 1932-இல் சிட்டகாங்கில் பிரீதிலதா வத்தேதார் தாக்கிய ஐரோப்பியர் மன்றத்தின் வாயிலில், நாய்களுக்கும் இந்தியருக்கும் இடமில்லை என்று எழுதியிருந்ததாகச் சொல்வர். நம் ஊர்த் தேநீர்க்கடைகளில் எழுத்தில்லாமலே இரட்டைக் குவளைகள் அதையே சொல்லின. இந்நகருக்கு வந்த புதிதில் வாடகை வீடு தேடி அலைந்தபோது, எந்த ஊர், என்ன உண்பீர்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்களை நாமும் கண்டோம். ஆதலால், மனிதனை நிறுத்திவிட்டு நாயை மடியில் வைத்துக் கொஞ்சும் அன்பைக் கண்டால் நமக்குச் சற்று அச்சமே உண்டாகிறது.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. பிறர் நிலத்திலும் பொறுப்போடு நடக்கும் உரிமையை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்காட்லாந்தில் உறுதிசெய்தது. நாய் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் பருவத்தில் அவை இருக்கும் வயல்களை விலக்கிச் செல்ல வேண்டும். நாய் ஆடுகளைத் துரத்தினால் 40,000 பவுன் வரை தண்டம், 12 மாதம் வரை சிறை என 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கிற்று. கணப்பருகே கண்மூடிக் கிடக்கும் நாயின் சாதுத்தன்மையில் கயிற்றைப் பிடித்த கைக்கும் பங்குண்டு.

நாம் குடியிருக்கும் அரசுக் குடியிருப்பின் படிக்கட்டில் மழை நாள்களில் ஒரு தெருநாய் வந்து ஒதுங்கும். கோலெடுத்து விரட்டுவோரில் நாமும் ஒருவராயிருந்தோம். உறவினரின் மடல் வந்தபின் கோலெடுக்கவில்லை. தேங்காய் ஓட்டில் நீர் வைக்கிறோம். உள்ளே அழைக்க இன்னும் மனம் வரவில்லை.