ருசியும் தீர்ப்பும்

ஒரு பொருள் நல்லதா, மட்டமானதா என்று சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு? இந்தக் கேள்விக்கு நம்மில் பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொல்வோம்: பட்சபாதம் இல்லாதவனுக்கு. தீர்ப்புச் சொல்கிறவனுக்கு வேண்டிய முதல் லட்சணம் நடுநிலைமை. கடைசி லட்சணமும் அதுவே என்றுகூட நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மட்டும் போதுமா என்பது என் சந்தேகம். இந்தச் சந்தேகத்தை விசாரிக்க எனக்குக் கிடைத்த சாட்சி கொஞ்சம் விசித்திரமானது. கலிஃபோர்னியாவில் ஒரு மலையின்மேல் விளைந்த திராட்சையிலிருந்து எடுத்த சிவப்பு ஒயின்தான் அந்தச் சாட்சி.

மதுவையா சாட்சிக்கூண்டில் ஏற்றுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். குடியின் பெருமையைப் பாட நான் இதை எழுதவில்லை. குடி குடியைக் கெடுக்கும் என்பதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை. ஆனால், மனிதர்கள் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள், அந்தத் தீர்ப்பு எத்தனை நாள் நிற்கிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய வேறொரு சோதனை எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

சான் பிரான்ஸிஸ்கோவுக்குத் தெற்கே சாந்தா குரூஸ் என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதில் ஒரு முகட்டுக்கு மான்டே பெல்லோ என்று பெயர். இத்தாலிய மொழியில் 'அழகிய மலை' என்று பொருள். 1885-இல் ஓசியா பெரோனே என்ற டாக்டர் அங்கே 180 ஏக்கர் நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டார். அந்த மலையின் சுண்ணாம்புக் கல்லையே வெட்டி ஒயின் தயாரிக்கும் கட்டடம் ஒன்றை எழுப்பினார். 1892-இல் முதல் ஒயின் வந்தது. பிறகு 1920-இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1933 வரை நீடித்தது. எத்தனையோ தோட்டங்கள் அழிந்தன. 1940-களில், பெரோனேயின் நிலத்துக்குச் சற்றுக் கீழே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு தோட்டத்தை வில்லியம் ஷார்ட் என்ற சமய அறிஞர் வாங்கினார். காபர்னே சாவின்யோன் என்ற திராட்சைக் கொடியை அங்கே மறுபடி நட்டார்.

அந்தக் கொடிகள் முதிர்ந்துகொண்டிருந்த சமயத்தில், 1959-இல், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் நால்வர் குடும்பங்களாகச் சேர்ந்து அந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான சார்லி ரோசன், தானே வழி பார்த்து நகரும் 'ஷேக்கி' என்ற யந்திரத்தை உருவாக்கிய ஆராய்ச்சிக் குழுவைப் பிற்பாடு அமைத்தவர். கம்ப்யூட்டர் யுகத்தை அவசரமாக அழைத்து வந்தவர்களில் ஒருவர், அவசரமே ஒத்துக்கொள்ளாத ஒரு தொழிலில் விடுமுறை நாட்களைச் செலவழித்தார் என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. விளையாட்டாகச் செய்த ஒயின் வியப்பாக அமைந்துவிடவே, 1962-இல் அதை முறைப்படி தொழிலாக்கினார்கள். 'ரிட்ஜ்' என்று பெயர் வைத்தார்கள். மலைமுகடு என்று அர்த்தம். 1969-இல் பால் டிரேப்பர் வந்து சேர்ந்தார். அவர் கல்லூரியில் படித்தது தத்துவம். 2016-இல் ஓய்வு பெறும் வரை அந்த ஒயினுக்கு அவரே பொறுப்பாளர்.

மான்டே பெல்லோத் தோட்டம் சுமார் 1,300 அடியிலிருந்து 2,700 அடி வரை ஏறிச் செல்கிறது. பசிபிக் சமுத்திரம் பக்கத்தில் இருப்பதால் குளிர்ச்சி அதிகம். மேல் மண் ஆழமில்லை. கீழே சுண்ணாம்புப் பாறை. சமவெளியில் ஏராளமாய்க் காய்க்கும் கொடி இங்கே கஷ்டப்பட்டுக் கொஞ்சமாகக் காய்க்கிறது. பழம் சிறியது. பழம் சிறுத்தால் சாற்றின் அளவோடு ஒப்பிடும்போது தோல் அதிகமாகிவிடும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. துவர்ப்பு விதையிலும் உண்டு. கொட்டைப்பாக்கைக் கடித்தவர்களுக்கு அந்தத் துவர்ப்பு தெரியும். புது ஒயினில் இது நாக்கை இழுத்துப் பிடிக்கும். வருஷங்கள் போகப் போக, துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாகப் புட்டியின் அடியில் படியும். ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறமாகும். கடுமை தணிந்து, அடியில் மறைந்திருந்த மணம் மேலே வரும். இதற்குப் பத்து வருஷமும் ஆகலாம். முப்பது வருஷமும் ஆகலாம். எந்த யந்திரத்தைக் கொண்டும் இதை விரட்ட முடியாது.

இனி சோதனைக்கு வருவோம். 1976-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆம் தேதி, பாரிஸ் நகரத்தில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு சுவைப் போட்டி நடத்தினார். ஒன்பது பிரெஞ்சு நிபுணர்கள் இட்ட மதிப்பெண்களே கணக்கில் கொள்ளப்பட்டன. சிவப்பு ஒயின்கள் பத்து: நான்கு பிரெஞ்சு, ஆறு கலிஃபோர்னியா. பெயர் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு ஒயின்களில் மூத்தான் ரோத்ஷீல்டு, ஓ-பிரியான் போன்ற மகா பிரசித்தி பெற்றவை இருந்தன. கலிஃபோர்னியா ஒயினைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்போது பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. பெயர்களை வெளியிட்டபோது, சிவப்பில் முதலாவதாக நின்றது கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். வெள்ளையிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கே. நிபுணர்களில் ஒரு பெண்மணி தம் மதிப்பெண் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டாராம்.

இந்தக் கதையை உலகம் விரும்பிச் சொல்கிறது. காரணம் தெரிந்ததே. பெரிய மனிதர்கள் கவிழ்ந்து விழுவதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. பெயரை மறைத்தால் உண்மை தெரியும், பெயர் என்பது வெறும் ஏமாற்று என்ற நீதியையும் கதையின் கடைசியில் சேர்த்துவிடுகிறார்கள். பாதி நியாயம்தான் இது. பெயருக்குத் தலை வணங்கியே பழகிய நாக்கு தன் வேலையை மறந்துவிடும். அதற்குப் பெயரை மறைப்பது நல்ல மருந்து. ஆனாலும், பல தலைமுறைகள் ஒழுங்காக உழைத்துச் சேர்த்த நம்பிக்கைக்கும் பெயர் என்றுதானே சொல்கிறோம்? பெயரை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வது தப்பு என்றால், பெயர் இருப்பதாலேயே பழிப்பதும் தப்புதான்.

இந்தக் கதையில் என் மனசைப் பிடித்தது முதல் பரிசு அன்று. மான்டே பெல்லோவின் 1971-ஆம் வருஷத்து ஒயினும் அந்தப் பத்தில் ஒன்று. அதற்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். ஐந்தாம் இடத்தை யாரும் கொண்டாடுவதில்லை. யாரும் அதற்காக அழுவதும் இல்லை.

தோற்றவர்கள் ஒரு சமாதானம் சொன்னார்கள். கலிஃபோர்னியா ஒயின் இளமையில் பளபளக்கும், நாளாவட்டத்தில் சரிந்துவிடும். எங்களுடையது முதிர முதிர உயரும் என்றார்கள். நியாயமான வாதந்தான். சோதித்துப் பார்க்க ஒரே வழி காத்திருப்பது. 1986-இல் நியூயார்க்கில் மறுபடி சுவைத்தபோது, முன்பு எட்டாவதாக வந்த க்ளோ து வால் முதலிடத்துக்கு வந்தது, ரிட்ஜ் இரண்டாவது. பிறகு 2006-இல், சரியாக முப்பது வருஷம் கழித்து அதே மே 24-ஆம் தேதி, லண்டனிலும் கலிஃபோர்னியாவின் நாபாவிலும் ஒரே சமயத்தில் சுவைத்தார்கள். இரண்டு ஊரிலும் முதலிடம் மான்டே பெல்லோ 1971-க்கே. முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்குப் போயின. முப்பத்தைந்து வயதான ஒயின் அது.

அப்படியானால் 1976-இல் சொன்ன தீர்ப்பு தவறா? அப்படி நான் நினைக்கவில்லை. அன்று அந்த ஒயினுக்கு ஐந்து வயசு. தன்னிடம் இருந்ததை அது இன்னும் வெளியே காட்டவில்லை. கிண்ணத்தில் இருந்ததற்குத்தான் மதிப்பெண் போட முடியும், அதைத்தான் போட்டார்கள். 2006-இல் உட்கார்ந்து சுவைத்தவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் ரசனையும் வேறாக இருக்கலாம் என்று வாதிக்கலாம். இருக்கட்டும். ஆனால் சரிந்துவிடும் என்று சொன்னது சரியவில்லை. அதை ரசனை வேற்றுமை என்று தள்ளிவிட முடியாது. ஆகவே தீர்ப்புக்கு இரண்டு வேண்டியிருக்கிறது. ஒன்று, சொல்கிறவனுடைய நடுநிலைமை. மற்றது, சொல்லப்படுகிற பொருளின் பக்குவம். நடுநிலைமையை ஒரு பகல் பொழுதில் ஏற்பாடு செய்துவிடலாம். பெயரை மறைத்துவிட்டால் போதும். பக்குவத்தை அப்படி ஏற்பாடு செய்ய முடியாது.

இதைச் சொன்னவுடன் ஒரு கூட்டம் என் பக்கம் ஓடி வரும் என்பது எனக்குத் தெரியும். 'காலம் எனக்குப் பதில் சொல்லும்' என்று சொல்லித் திரிகிறவர்கள் அவர்கள். என் போன்று கதை எழுதிப் பிழைக்கிறவர்களில் அவர்கள் தொகை அதிகம். இன்று எவனும் படிக்காததே நாளைக்கு நிற்கும் என்பதற்கு அத்தாட்சி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் அதே பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. 1976-இல் பத்தாவதாக, கடைசியாக வந்தது ஃப்ரீமார்க் ஆபி. 2006-இலும் அதுவே பத்தாவது. காலம் எல்லாவற்றையும் உயர்த்துவதில்லை. உலகத்தில் செய்யப்படும் ஒயினில் மிகப் பெரும் பகுதி இரண்டொரு வருஷத்துக்குள் குடிக்கப்படுவதற்காகவே செய்யப்படுகிறது. அதை முப்பது வருஷம் மூடி வைத்தால் மூடி வைத்தவன்தான் ஏமாறுவான். உள்ளே இருப்பதைத்தான் காலம் வெளியே கொண்டுவரும், இல்லாததை உண்டாக்காது.

சரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த நடுக்காலத்தில் செய்கிறவன் என்ன செய்வது? நாளைக்கு வரப்போகும் நீதிபதியின் நாக்குக்கு ஏற்றபடி இன்றைக்கே இனிப்பாக்கி, மெருகேற்றி அனுப்பலாம். அதற்கு வேண்டிய வித்தைகள் எல்லாம் ஒயின் தொழிலில் உண்டு. கதைத் தொழிலிலும் உண்டு. டிரேப்பர் அந்த வழியில் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய பழைய ஒயின் நூல்களைத் தேடிப் படித்தார். பழத்தோடு கூடவே வரும் இயற்கை நொதியை நம்பினார். கூடிய மட்டும் கையை அடக்கிக்கொண்டார். 2011-ஆம் வருஷத்து அறுவடையிலிருந்து, உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்பதை ரிட்ஜ் நிறுவனத்தார் புட்டியின் மேலேயே அச்சிட்டு வருகிறார்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 'என் பெயரை நம்பு' என்று சொல்லாமல் 'என் செய்கையைப் பார்' என்று சொல்வது அது. தீர்ப்பு எப்போது வரும் என்று தெரியாதவனுக்கு இதைவிடக் கௌரவமான காரியம் வேறு இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியவன் ஆவேன். காத்திருப்பதற்குச் செலவு உண்டு. பீப்பாயிலும் புட்டியிலும் தூங்கும் ஒயின் வட்டி தராத முதல். ரிட்ஜைத் தொடங்கிய நால்வரும் ஆரம்ப வருஷங்களில் பொறுமையாக இருக்க முடிந்ததென்றால், அந்தப் பொறுமைக்குப் பின்னால் ஆராய்ச்சிக் கழகத்தின் சம்பளம் இருந்தது. அடுத்த மாதக் கடனுக்காகப் பழத்தை விற்றுத் தீர வேண்டிய விவசாயியிடம் போய், பக்குவத்தின் மகிமையைப் பிரசங்கம் செய்வது அநியாயம். பொறுமை ஏழைக்கு உபதேசமாகவும் பணக்காரனுக்கு வசதியாகவும் இருந்துவிடக் கூடாது.

மனிதர்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. பள்ளிக்கூடத்துப் பெரிய பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் பையனுடைய பெயர் கிடையாது, எண் மட்டும்தான். திருத்துகிறவருக்கு அவன் யார் மகன், எந்த ஜாதி, எந்த ஊர் என்று தெரியாது. நல்ல ஏற்பாடு, பெயரை மறைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த மதிப்பெண் சரியாக இருக்கிறது என்பதற்காகவே, அதை அவனுடைய ஆயுள் முழுவதற்குமான மதிப்பாக நிறுத்திவிடுகிறோம். பதினைந்து வயசில் துவர்த்தவன் முப்பது வயசில் எப்படி இருப்பான் என்று எந்தத் தாளும் சொல்லாது. பணமுள்ள வீட்டுப் பையன் மறுபடி எழுதலாம், வேறு படிக்கலாம், காத்திருக்கலாம். மற்றவன் அந்த எண்ணைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறான். தீர்ப்புச் சொல்கிறவர்கள் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. தீர்ப்புக்கு உள்ளானவன் பக்குவப்படுவதற்கு ஆகும் செலவில் அவர்களும் ஒரு பங்கு ஏற்க வேண்டும்.

அதற்காகத் தீர்ப்பே சொல்லாமல் இருந்துவிட முடியுமா? முடியாது. பள்ளிக்கூடம் நடக்க வேண்டும், கோர்ட்டு நடக்க வேண்டும். ஒருவர் எழுதிய புத்தகத்தை வாங்குவதா வேண்டாமா என்று வாசகர் இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். என் யோசனை சிறியது. ஒயின் புட்டியின் மேல் அது எந்த வருஷத்து அறுவடை என்று எழுதியிருக்கும். அதைப் போல நாம் சொல்கிற ஒவ்வொரு தீர்ப்பின் கீழும் ஒரு தேதியைப் போட்டுவிடலாம். ஐந்தாம் இடம் என்பது பொய் அல்ல. 1976-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆம் தேதிக்கு அது உண்மை. அந்தத் தேதியை அழித்துவிட்டு, ஐந்தாம் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறபோதுதான் அது பொய்யாகிறது.